விற்பனையையும் வாடிக்கையாளர் சேவையையும் வெளியாளிடம் கொடுக்கலாமா? எல்லையோரத் தொழில்காரர்கள் கேட்கும் கேள்விகள்

பொள்ளாச்சி, ஆனைமலை, கிணத்துக்கடவு பக்கமும், எல்லைக்கு அந்தப் பக்கம் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பக்கமும் சிறுதொழில் நடத்துகிறவர்களுக்கு ஒரு பொதுவான நிலைமை உண்டு. பட்டறை ஒரு மாநிலத்தில் இருக்கும், வாங்குகிறவர்களில் பாதிப் பேர் அடுத்த மாநிலத்தில் இருப்பார்கள். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்து வணிகவரிச் சோதனைச் சாவடிகள் எடுக்கப்பட்டதும் சரக்கு சுலபமாக எல்லை தாண்டுகிறது. கூடவே போனும் ஓயாமல் அடிக்கிறது. "அந்தப் போனை நாங்கள் எடுக்கிறோம், சரக்கையும் நாங்களே விற்றுத் தருகிறோம்" என்று கோவையிலிருந்தும் கொச்சியிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். செக்கு எண்ணெய், கிரைண்டர், பம்ப், தேங்காய் நார்ப் பொருள் செய்கிறவர்களுக்குக் கணக்கும் ஒப்பந்தமும் பார்த்துக் கொடுப்பதால் இதுபற்றி என்னிடம் வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

இது பெரிய கம்பெனிகள் செய்கிற வேலை இல்லையா?

பெரிய அளவில் அப்படித்தான் ஆரம்பித்தது. ஜெனரல் எலக்ட்ரிக் 1997-ல் குர்கானில் தன் அலுவலக வேலைகளுக்கென்று ஒரு நிறுவனத்தைத் தொடங்கியது; பிற்பாடு அதுவே, மற்ற நிறுவனங்களின் வேலைகளையும் எடுத்துச் செய்யும் ஜென்பேக்ட் ஆனது. ஆனால் விற்பனையை வெளியாளிடம் விடுவது நமக்குப் புதிதில்லை. மண்டியில் கமிஷனுக்கு விற்பது, பாலக்காட்டுக்கு ஒரு விநியோகஸ்தரைப் போடுவது எல்லாம் அதுதான். புதிதாக வந்திருப்பது போனும் புகாரும் நம் கையைவிட்டுப் போவது. கவனம் தேவைப்படுகிற இடமும் அதுதான்.

முன்பெல்லாம் கால் சென்டர் நடத்தத் தொலைத்தொடர்புத் துறையில் பதிவு செய்ய வேண்டியிருந்தது. 2020 நவம்பரில் அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டார்கள். அதனால் இப்போது நான்கு பேர், இரண்டு அறை, நல்ல இணையம் இருந்தால் யார் வேண்டுமானாலும் இந்தத் தொழிலைத் தொடங்கலாம். நல்ல ஆட்களும் வந்திருக்கிறார்கள், மற்றவர்களும் வந்திருக்கிறார்கள்.

எங்கள் அளவுக்கு இது தேவையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஒரு நோட்டுப் போடுங்கள். ஒரு மாதம், வருகிற ஒவ்வொரு அழைப்புக்கும் ஒரு வரி: யார், எந்த ஊர், எதற்காக, எப்படி முடிந்தது. கம்ப்யூட்டர் எல்லாம் வேண்டாம். மாதம் முடிந்ததும் பிரித்துப் பாருங்கள். விலை கேட்டவை எத்தனை, சரக்கு எங்கே என்று கேட்டவை எத்தனை, புகார் எத்தனை, எடுக்காமல் விட்டவை எத்தனை.

பெரும்பாலும் "லோடு எப்ப வரும்" என்பதுதான் முதலிடத்தில் நிற்கும். லாரி கிளம்பியதும் கடைக்காரருக்கு ஒரு வாட்ஸ்அப் செய்தி போனால் அந்த அழைப்புகளே வராது. அவற்றை எடுக்க வெளியாளுக்கு மாதாமாதம் பணம் கொடுப்பது வீண்.

இந்த நோட்டு இல்லாமல் எந்தக் கால் சென்டரோடும் பேச உட்காராதீர்கள். "மாதம் எத்தனை அழைப்பு?" என்று அவர்கள் கேட்பார்கள், நீங்கள் மனக்கணக்கில் ஒரு எண்ணைச் சொல்வீர்கள், அந்த எண்ணுக்கு விலை போட்டுவிடுவார்கள்.

முதலில் எதைக் கொடுப்பது? விற்பனையா, சேவையா?

நாம் போன் எடுக்காத நேரத்தை முதலில் கொடுங்கள். மாலை ஆறு மணிக்கு மேல், ஞாயிற்றுக்கிழமை, அப்புறம் பண்டிகைக் காலம். எல்லையோரத்தில் பண்டிகைக் கூட்டம் ஒரே சமயத்தில் வராது. கேரளத்தில் கர்க்கடக மாதம் மந்தம், அடுத்து சிங்ஙம் பிறந்ததும் ஓணத்துக்குக் கடைகள் முட்டிமோதும். நம் பக்கம் அதே ஆடி மாதம் தள்ளுபடி விற்பனை, பிறகு தீபாவளி, பொங்கல். ஓணத்துக்கு நான்கு பேர் தேவைப்பட்டால் மற்ற மாதங்களில் ஒருவர் போதும். நிரந்தரமாக ஆள் வைத்தால் அந்த நால்வருக்கும் ஆண்டு முழுக்கச் சம்பளம் தர வேண்டும். வெளியே கொடுப்பதில் உண்மையான லாபம் இந்த ஏற்ற இறக்கத்தில்தான் இருக்கிறது. சம்பளத்தில் நேரடியாக மிச்சம் பிடிக்கலாம் என்று கணக்குப் போட்டால் பலருக்கு ஏமாற்றம்தான்.

அது சரியாகப் போனால் ஆர்டர் எடுப்பதைக் கொடுங்கள். புகார்களைக் கடைசிக்கு வையுங்கள். சில தொழில்களில் அதைக் கொடுக்கவே வேண்டாம் என்பது என் கருத்து. பாட்டில் மூடி கசிகிறது என்று ஒரே வாரத்தில் ஆறு கடையிலிருந்து போன் வந்தால், மூடி சப்ளை செய்தவரை அன்றைக்கே கூப்பிடுவீர்கள். கால் சென்டரில் அந்த ஆறு அழைப்புகளும் ஆறு தனித்தனிப் பதிவுகள். ஒவ்வொருவருக்கும் வருத்தம் தெரிவித்து, மாற்றுப் பாட்டில் அனுப்பி, "தீர்ந்தது" என்று பச்சை அடித்துவிடுவார்கள். மாத அறிக்கையில் எல்லாம் அழகாக இருக்கும், மூடி மட்டும் கசிந்துகொண்டே இருக்கும்.

பெரிய நிறுவனங்களும் இதில் சூடு பட்டிருக்கின்றன. வணிக வாடிக்கையாளர்கள் குறைப்பட்டதால், அவர்களுக்கான தொலைபேசி உதவியில் ஒரு பகுதியை டெல் கம்ப்யூட்டர் நிறுவனம் 2003-ல் பெங்களூரிலிருந்து திரும்ப அமெரிக்காவுக்கே கொண்டுபோனது.

மலையாளம் பேச ஆள் கொச்சியில்தான் கிடைக்குமா?

மலையாளம் மட்டும் தெரிந்தவர் அங்கே நிறையக் கிடைப்பார். நமக்கு வேண்டியது வேறு. பாலக்காட்டுச் சித்தூர் வட்டாரத்துக் கடைக்காரர் மலையாளத்தில் ஆரம்பித்துத் தமிழில் கணக்குச் சொல்லி, மறுபடி மலையாளத்தில் சண்டை போடுவார். கொச்சி ஆளுக்கு அதில் பாதி விளங்காது. கோவை ஆளுக்கு மற்றப் பாதி.

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கம் இரண்டிலும் சரளமாகப் பேசுகிற, படித்த பிள்ளைகள் இருக்கிறார்கள். வேலை தேடி எர்ணாகுளமோ கோவையோ போகிறவர்கள் அவர்கள். மணமாகி வீட்டில் இருக்கும் பெண்களும் உண்டு. ஊரிலேயே இரண்டு மூன்று பேர் சேர்ந்து எடுத்துச் செய்தால், பெரிய கால் சென்டரைவிட உங்களுக்கு அதுவே பொருந்தும். பட்டறையை நேரில் வந்து பார்ப்பார்கள், சரக்கைத் தொட்டுப் பார்ப்பார்கள். கிரைண்டர் கல்லைக் கையால் தூக்கிப் பார்த்தவர் போனில் பேசுவதும், படம் பார்த்துப் பேசுவதும் ஒன்றாகாது.

பெரிய நிறுவனம்தான் வேண்டும் என்றால் ஒரு சோதனை செய்யுங்கள். உங்களிடம் பத்து வருடமாகச் சரக்கு எடுக்கும் ஒரு பாலக்காட்டுக் கடைக்காரரை விட்டு அங்கே போன் போடச் சொல்லுங்கள். ஐந்து நிமிடம் பேசட்டும், பிறகு அவரிடமே கேளுங்கள்.

கட்டணம் எப்படிப் பேசுவது?

நான்கு விதமாகக் கேட்பார்கள்: ஒரு ஆளுக்கு மாதம் இவ்வளவு, ஒரு அழைப்புக்கு இவ்வளவு, நிமிடத்துக்கு இவ்வளவு, விற்றால் கமிஷன். எதற்குக் காசு கொடுக்கிறீர்களோ அதுதான் பெருகும். அழைப்புக்குக் காசு என்றால் சீக்கிரம் வைத்துவிடுவார்கள், அதே ஆள் மூன்று முறை கூப்பிடுவார், மூன்றுக்கும் பில் வரும். நிமிடத்துக்குக் காசு என்றால் பேச்சு நீளும்.

சேவைக்கு மாத நிலைக்கட்டணம் நல்லது. அதில் ஒரு விதி சேருங்கள்: ஒரே விஷயத்துக்காக ஒருவர் ஏழு நாளுக்குள் மறுபடி கூப்பிட்டால் அந்த எண்ணிக்கை தனியாகக் காட்டப்பட வேண்டும், ஒரு அளவுக்கு மேல் போனால் கட்டணம் குறைய வேண்டும்.

விற்பனைக்குக் கமிஷன் சரி. ஆனால் ஆர்டருக்குக் கமிஷன் தராதீர்கள், பணம் வந்த பிறகு தாருங்கள். ஒரு லட்சத்துக்கு ஆர்டர் பிடித்து, அதில் 30,000 ரூபாய்ச் சரக்கு திரும்பி வந்தால், 70,000-க்குத்தான் கமிஷன். திரும்பி வந்த லாரி வாடகை யார் தலையில் என்பதையும் முன்பே எழுதிவிடுங்கள்.

சொந்த ஆளோடு ஒப்பிடும்போது சம்பளத்தை மட்டும் பார்க்காதீர்கள். பி.எஃப். உங்கள் மீது பொருந்தினால் முதலாளி பங்கு 12 சதவீதம், இ.எஸ்.ஐ. பொருந்தினால் 3.25 சதவீதம், போனஸ், லீவு எல்லாம் சேரும். வெளியாள் பக்கமும் ஒரு மறைவான செலவு உண்டு: அவர்களோடு பேசவும் சரிபார்க்கவும் உங்கள் ஆள் ஒருவருடைய நேரம். யாரும் அதைக் கணக்கில் எழுதுவதில்லை.

ஜி.எஸ்.டி., டி.டி.எஸ். எப்படி?

இந்தச் சேவைக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். நீங்கள் தமிழ்நாட்டில் பதிவு செய்தவர், சேவை தருபவர் கேரளத்தவர் என்றால் ஐ.ஜி.எஸ்.டி. 18. இருவரும் ஒரே மாநிலம் என்றால் மத்திய வரி 9 + மாநில வரி 9. வழக்கமான முறையில் வரி கட்டுகிறவர், தான் கட்ட வேண்டிய வரியிலிருந்து இதை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம். காம்போசிஷன் திட்டத்தில் (விற்றுமுதலில் ஒரு சிறு சதவீதத்தை வரியாகக் கட்டும் சிறுதொழில் திட்டம்) இருப்பவருக்கு அந்த வசதி இல்லை, 18-ம் அவருக்குச் செலவுதான். ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் இருக்கும் சிறிய சேவையாளர் பதிவு செய்யத் தேவையில்லை. வேலந்தாவளத்தில் உட்கார்ந்து பொள்ளாச்சிக்கு வேலை செய்தாலும் அந்த விலக்கு உண்டு. காம்போசிஷன்காரர்களுக்கு உள்ளூர்ச் சிறு குழு கட்டுப்படியாவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கமிஷனுக்கு டி.டி.எஸ். (பணம் கொடுக்கும்போதே பிடித்துக் கட்டும் வருமான வரி) 2024 அக்டோபரிலிருந்து 2 சதவீதம், ஆண்டுக்கு 20,000 ரூபாய்க்கு மேல் போனால். உங்கள் நிறுவன வகையையும் விற்றுமுதலையும் பொறுத்துப் பிடிக்க வேண்டுமா இல்லையா என்பது மாறும், ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு லட்சம் நம்பர் தருகிறேன், எல்லோருக்கும் போன் போட்டு விற்கிறேன் என்கிறார்கள். சேரலாமா?

வேண்டாம்.

விலைக்கு வாங்கிய நம்பர் பட்டியலில் யாருடைய சம்மதமும் இருக்காது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராயின் 2018 விதிமுறைப்படி விளம்பர அழைப்பு செய்கிறவர்கள் பதிவு செய்துகொண்டு, அதற்கென்று ஒதுக்கிய 140-ல் தொடங்கும் எண்களிலிருந்துதான் கூப்பிட வேண்டும். விளம்பரம் வேண்டாம் என்று 1909 என்ற எண்ணில் சொல்லி வைத்தவர்களைக் கூப்பிடக் கூடாது. எஸ்.எம்.எஸ். என்றால் உங்கள் நிறுவனப் பெயரும் செய்தியின் வாசகமும் டி.எல்.டி. தளத்தில் (தொலைபேசி நிறுவனங்கள் இதற்கென நடத்தும் பதிவுத் தளம்) பதிவாகியிருக்க வேண்டும். சாதாரண பத்து இலக்க சிம்மிலிருந்து போடுகிறேன் என்பவர் விதியை மீறுகிறார். பதிவில்லாமல் இப்படிக் கூப்பிடுகிறவர்களின் இணைப்புகளையெல்லாம் துண்டித்து, 2 ஆண்டு வரை கறுப்புப் பட்டியலில் வைக்கும்படி 2024 ஆகஸ்டில் ட்ராய் உத்தரவிட்டது. உங்கள் பெயரில் இருக்கும் எண்ணை அவர் பயன்படுத்தினால் முடங்குவது உங்கள் எண்.

ஏற்கெனவே உங்களிடம் வாங்கியவர்களை, அவர்கள் சம்மதத்தோடு கூப்பிடுவது வேறு. எண்ணெய் தீரும் சமயம் பார்த்து "அனுப்பட்டுமா அண்ணா" என்று கேட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

பாலக்காட்டு விநியோகஸ்தர் முறைத்துக்கொள்வாரே?

கட்டாயம் முறைப்பார், அவர் பக்கம் நியாயமும் இருக்கிறது. அவருடைய லைன் ஆள் கடைக்குப் போவது ஆர்டர் எடுக்க மட்டும் என்று நினைக்கிறோம். அவர் பழைய பாக்கியை வசூலிக்கிறார், உடைந்த பாட்டிலைத் திருப்பி எடுக்கிறார், ராக்கில் நம் சரக்கை முன்னால் நகர்த்தி வைக்கிறார், எந்தக் கடை அடுத்த மாதம் மூடும் என்று மோப்பம் பிடிக்கிறார். போனில் பேசுகிறவருக்கு இதில் ஒன்றும் முடியாது. இதற்கிடையில் டெலிகாலர் அதே கடைக்கு நேரடியாகப் போன் போட்டு "கம்பெனியிலிருந்து பேசுகிறோம், 3 சதவீதம் குறைவு" என்றால் என்ன ஆகும்? கடைக்காரர் விநியோகஸ்தருக்குத் தர வேண்டிய பாக்கியை நிறுத்திவைத்துப் பேரம் பேசுவார். கடன் விநியோகஸ்தருடையது, லாபம் கால் சென்டருக்கு. எந்த விநியோகஸ்தரும் இதைப் பொறுக்க மாட்டார்.

செய்ய முடிந்த வழி ஒன்று உண்டு. டெலிகாலர் எடுக்கும் ஆர்டர் அந்தந்தப் பகுதி விநியோகஸ்தர் வழியாகவே போகட்டும், அவருடைய மார்ஜின் குறைய வேண்டாம். டெலிகாலருக்கு விநியோகஸ்தர் போகாத ஊர்களைக் கொடுங்கள். நெல்லியாம்பதி போல மலைமேல் இருக்கும் நாலைந்து கடைகளுக்கு லைன் வண்டி வாராவாரம் ஏறாது. அங்கே போன் விற்பனை நன்றாக நடக்கும். விநியோகஸ்தரை முதலிலேயே உட்காரவைத்துப் பேசுங்கள். அவர் காதுக்குக் கடைக்காரர் மூலம் போய்ச் சேர்ந்தால் காரியம் கெட்டது.

அவர்கள் தவறாக ஏதாவது வாக்குக் கொடுத்துவிட்டால் யார் பொறுப்பு?

நீங்கள்தான். 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி, தன் பொறுப்புக்குள் ஏஜென்ட் செய்கிற காரியம் முதலாளியைக் கட்டுப்படுத்தும். கார்டில் இரண்டு வருட வாரன்டி என்று அச்சடித்திருப்பீர்கள், டெலிகாலர் விற்கிற ஆவேசத்தில் ஐந்து என்று சொல்லியிருப்பார், அழைப்பு பதிவாகியிருக்கும்.

எல்லையோரத்தில் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. வாங்கியவர் தான் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம் என்று அதில் இருக்கிறது. கண்ணூர்க்காரர் கண்ணூர் மாவட்ட ஆணையத்தில் போடுவார்; கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் அவருக்குக் கட்டணமும் இல்லை. அதனால் வாரன்டி, விலை, திருப்பி எடுப்பது மூன்றிலும் டெலிகாலர் சொல்ல வேண்டிய வாசகத்தை நீங்களே எழுதிக் கொடுங்கள். அதைத் தாண்டிச் சொன்னால் நஷ்டம் அவர்களுடையது என்று ஒப்பந்தத்தில் போடுங்கள். வாங்கியவரிடம் அந்த நிபந்தனை செல்லாது, ஆனால் பிறகு கால் சென்டரிடம் வசூலிக்க உதவும்.

இணையத்தில் விற்பவர்களுக்குக் கெடுவும் உண்டு: புகார் வந்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்.

பாக்கெட்டில் யாருடைய போன் நம்பரைப் போடுவது?

யாரும் அவ்வளவாகக் கேட்காத கேள்வி, எனக்கு மிக முக்கியமான கேள்வி. அடைத்து விற்கும் பொருள்களில் புகாருக்கான பெயர், முகவரி, போன் எண் அச்சிட வேண்டும் என்பது 2011-ம் ஆண்டு எடையளவு விதி. "எங்கள் நம்பரையே போட்டுவிடுங்கள்" என்று கால் சென்டர் சொல்லும். போட்டுவிட்டால் அந்த லேபிள் தீரும்வரை, கடையில் கிடக்கும் கடைசிப் பாட்டில் விற்கும்வரை, நீங்கள் அவர்களிடம் மாட்டிக்கொண்டீர்கள்.

எண் உங்கள் பெயரில் இருக்கட்டும். அங்கிருந்து அவர்களுக்குத் திருப்பி விடுங்கள். நாளைக்கு ஆளை மாற்றினால் திருப்புகிற இடத்தை மட்டும் மாற்றினால் போதும். 1800 எண், வாட்ஸ்அப் பிசினஸ் கணக்கு, கூகுள் வரைபடத்தில் இருக்கும் கடைப் பக்கம், இணையதளப் பெயர் எல்லாவற்றுக்கும் இதே விதி. எல்லாம் உங்கள் பெயரில், உங்கள் கடவுச்சொல்லில்.

வாடிக்கையாளர் பட்டியலைக் கொடுத்தால் போட்டியாளருக்குப் போய்விடுமே?

போகலாம். ஒப்பந்தம் முடிந்த பிறகும் போட்டியாளருக்கு வேலை செய்யக் கூடாது என்று எழுதுவார்கள். தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிற, ஒப்பந்தச் சட்டத்தின் 27-ம் பிரிவின் முன் அது நிற்பது கடினம். பட்டியல் உங்கள் சொத்து, ரகசியம், முடியும்போது அழிக்க வேண்டும் என்று எழுதுங்கள், அது நிற்கும். மொத்தப் பட்டியலையும் ஒரே கோப்பாகத் தராமல், அன்றன்றைக்குத் தேவையானதை மட்டும் கொடுங்கள். பட்டியலில் உங்கள் மைத்துனர் எண்ணையோ சித்தப்பா எண்ணையோ வேறு கடைப் பெயரில் சேர்த்து வையுங்கள். அவருக்குப் போட்டியாளரிடமிருந்து போன் வந்தால் எங்கிருந்து போனது என்று தெரிந்துவிடும்.

2023-ம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகி, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. வேலையை வெளியே கொடுத்தாலும் தரவுக்குப் பொறுப்பு உங்களுடையது, எழுதிய ஒப்பந்தம் இல்லாமல் கொடுக்கவும் கூடாது என்கிறது சட்டம். அபராதத்தின் உச்சவரம்பு 250 கோடி ரூபாய்.

இத்தனை வருடம் போன் எடுத்த நம் ஆளை என்ன செய்வது?

அனுப்பாதீர்கள். அவரை வைத்துத்தான் வெளியாளுக்குப் பயிற்சி கொடுக்கவே முடியும். எந்தக் கடைக்காரர் கத்துவார் ஆனால் சரியாகப் பணம் தருவார், யார் இனிக்கப் பேசி இழுத்தடிப்பார் என்பது எந்தக் கோப்பிலும் இல்லை. புகார்களையும் கால் சென்டரைக் கண்காணிப்பதையும் அவரிடம் கொடுங்கள். அவரே போக விரும்பினால், பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்த நிறுவனத்தில் ஐந்து வருடம் முடித்தவருக்குக் கிராஜுவிட்டி உண்டு, வருடத்துக்கு 15 நாள் சம்பளம். அதையும் கணக்கில் வையுங்கள்.

எப்படிக் கண்காணிப்பது?

அறிக்கையைப் படிப்பதைவிட அழைப்பைக் கேளுங்கள். வாரம் பத்துப் பதிவு, நீங்கள் தேர்ந்தெடுத்தவையாக இருக்கட்டும், அவர்கள் அனுப்பியவை வேண்டாம். பாதியில் வைத்தவற்றையும், ஒரே எண்ணிலிருந்து திரும்பத் திரும்ப வந்தவற்றையும் முதலில் எடுங்கள்.

ஏ.ஐ. குரலே எல்லாம் பேசும் என்கிறார்களே, ஆள் எதற்கு?

லோடு கிளம்பியதா, பாக்கி எவ்வளவு போன்ற கேள்விகளுக்குச் சரி. கசிந்த பாட்டிலோடு கோபமாக இருக்கும் கடைக்காரரிடம் அதை விடாதீர்கள்.

ஒப்பந்தம் எத்தனை மாதத்துக்கு? சரிவராவிட்டால் எப்படி வெளியே வருவது?

முதலில் மூன்று மாதம், ஒரு பகுதிக்கு மட்டும். சித்தூர் வட்டாரத்தை மட்டும் கொடுத்துப் பாருங்கள். அதுவும் ஓணத்துக்கு முந்தைய மாதத்தில் தொடங்காதீர்கள். பழகாத ஆள் கையில் நெரிசலைக் கொடுத்தால் யார் திறமை என்றே தெரியாது. தை, மாசி நல்ல சமயம்.

வெளியேறுவதற்கு 30 நாள் அறிவிப்பு போதும். அந்த 30 நாளில் அழைப்புப் பதிவுகள், நிலுவைப் புகார்கள், ஆர்டர் விவரம் மூன்றையும் திருப்பித் தர வேண்டும், கடைசி மாதப் பணம் அதற்குப் பிறகுதான் என்று எழுதுங்கள். தகராறு வந்தால் எந்த ஊர் நீதிமன்றம் என்பதையும் எழுதிவிடுங்கள். எழுதாமல் விட்டால், கோவையா பாலக்காடா என்பதிலேயே முதல் வருடம் போய்விடும்.